கேட்ரின் சோதனை: நியூட்ரினோவின் நிறை இன்னும் "இதற்குக் குறைவு" மட்டும்தானா?

கரும்பலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். எங்கள் ஆய்வகச் சுவரில் 2019இல் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டினேன். தலைப்பு "நியூட்ரினோவின் நிறை என்ன?" (நியூட்ரினோ என்பது மின்னூட்டமில்லாத, மிகமிக லேசான ஓர் அடிப்படைத் துகள்.) ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகருக்கு அருகே நடக்கும் கேட்ரின் சோதனை ஒவ்வொரு முறை முடிவு வெளியிடும்போதும் ஒரு வரி சேர்ப்பது வழக்கம். இப்போது மூன்று வரிகள் இருக்கின்றன. (எலக்ட்ரான் வோல்ட் என்பது ஆற்றலின் அலகு, துகள்களின் நிறையையும் அதிலேயே சொல்வார்கள்.)

2019: 1.1 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைவு
2022: 0.8க்குக் குறைவு
2025: 0.45க்குக் குறைவு

பேப்பர் மஞ்சளாகிவிட்டது, ஒரு மூலையைக் கரையான் தின்றுவிட்டது. போன வாரம் ஒரு மாணவன் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஆறேழு வருஷமா எடை போடுறாங்க, இன்னும் இதுக்குக் கம்மி, அதுக்குக் கம்மின்னுதான் சொல்றாங்க. எங்க தெரு மளிகைக்கடையில இப்படிச் சொன்னா விடுவோமா மிஸ்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சரியான பதில் என்னிடம் இல்லை.

பூமியையே ஊடுருவிப் போகிற ஒன்றைத் தராசில் எப்படி வைக்கிறார்கள்? 2025 முடிவில் நிறையின் வர்க்கம் மைனஸ் 0.14 என்று போட்டிருந்தது. வர்க்கம் எப்படி மைனஸ் ஆகும்? இதைப் போர்டில் எழுதினால் கணக்கு வாத்தியாரே சண்டைக்கு வருவார். அப்புறம், அளவீடு முடிந்துவிட்டதா? சார்ட்டைக் கழற்றிவிடலாமா?

ரைன்கரை எழுதியது:

டீச்சர், முதலில் அந்தப் பையனுக்கு என் சார்பில் ஒரு சபாஷ் சொல்லுங்கள்.

நான் இயற்பியல்காரன் இல்லை, மெக்கானிக்கல். ஆனாலும் இந்தச் சோதனையை 2006லிருந்து விடாமல் பார்த்து வருகிறேன். காரணம் ஒரு சனிக்கிழமை. அப்போது கார்ல்ஸ்ரூவில் படித்துக்கொண்டிருந்தேன். நவம்பர் 25ஆம் தேதி, என் அறைத்தோழன் "பக்கத்து ஊருக்குள் ஏதோ விண்கலம் வருகிறதாம், வா" என்று சைக்கிளில் இழுத்துக்கொண்டு போனான். லியோபோல்ட்ஸ்ஹாஃபன் என்று ரைன் நதியோரம் ஒரு சின்ன ஊர். அதன் தெருவில் 200 டன் எடையுள்ள பளபளக்கும் எஃகுத் தொட்டி ஒன்று ஊர்ந்து வந்தது. 10 மீட்டர் விட்டம், 23 மீட்டர் நீளம். இரண்டு பக்கமும் ஓட்டுவீடுகள், நடுவில் கூரைகளைவிட உயரமாக அது. ஊர்க்காரர்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டினார்கள். எனக்குத் தேரோட்டம்தான் நினைவுக்கு வந்தது. வடம் பிடிக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தொட்டி செய்யப்பட்ட டெகன்டோர்ஃப் அங்கிருந்து 400 கிலோமீட்டர்தான். ஆனால் சாலையில் கொண்டுவர முடியாத அகலம். அதனால் டானூப் நதியில் கீழே போய், கருங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் சுற்றி, ராட்டர்டாம் வழியாக ரைன் நதியில் மேலேறி வந்தது. ஏறக்குறைய 9,000 கிலோமீட்டர். இவ்வளவு பாடுபட்டு ஒரு காலித் தொட்டியைக் கொண்டுவருகிறார்களே, எதற்கு என்று தேடிப் படிக்க ஆரம்பித்தவன்தான், இன்னும் விட முடியவில்லை.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். தராசில் நியூட்ரினோவை வைப்பதே இல்லை. கேட்ரின் இதுவரை ஒரு நியூட்ரினோவைக்கூடப் பிடித்தது கிடையாது. இந்த அளவீட்டுக்குப் பிடிக்கத் தேவையும் கிடையாது. அது பார்ப்பதெல்லாம் எலக்ட்ரானை மட்டும்தான்.

டிரிட்டியம் (ஹைட்ரஜனின் கதிரியக்க வகை) சிதைந்து ஹீலியமாகும்போது ஓர் எலக்ட்ரானும் ஒரு நியூட்ரினோவும் (சரியாகச் சொன்னால் எதிர்-நியூட்ரினோ) வெளியே வருகின்றன. இரண்டுக்கும் சேர்த்துக் கிடைக்கும் ஆற்றல் ஏறக்குறைய 18,574 எலக்ட்ரான் வோல்ட். ஹீலியம் எடுத்துக்கொள்ளும் சில்லறையைக் கழித்துத்தான் சொல்கிறேன். வகுப்பில் இதை ரூபாயாக மாற்றிவிடுங்கள். அப்பா 18,574 ரூபாயை இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். ஒவ்வொரு தடவையும் பங்கு வேறு. சின்னவன் பின்வாசல் வழியாகப் போய்விடுவான், யார் கண்ணிலும் படமாட்டான். பெரியவனின் சட்டைப் பையை மட்டும் சோதிக்கலாம். சின்னவனுக்கு நிறையே இல்லை என்றால், என்றாவது ஒருநாள் அவன் வெறுங்கையோடு போக, பெரியவன் பையில் முழுசாக 18,574ஐ நெருங்கிப் பார்க்கலாம். நிறை இருந்தால் அப்படி நடக்காது. சின்னவன் உருவாவதற்கே ஒரு தொகை வேண்டும், அதை எடுக்காமல் அவனால் வெளியே வர முடியாது. ஆகவே பெரியவன் பையில் எப்போதும் அவ்வளவு குறையும். அந்தக் குறைதான் நியூட்ரினோவின் நிறை. 0.45 என்றால் 18,574 ரூபாயில் 45 பைசா. அதற்கு மேல் குறையவில்லை என்று 90 சதவீத நம்பிக்கையோடு சொல்கிறார்கள். (சார்ட்டில் இந்த 90ஐயும் எழுதிவிடுங்கள்.) எலக்ட்ரானின் நிறையே 5,11,000 ரூபாய் என்பதையும் பக்கத்தில் போட்டால் பையன்களுக்கு அளவு புரியும்.

சிக்கல் எங்கே என்றால், பெரியவன் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வருவது மிகமிக அபூர்வம். கடைசி ஒரு ரூபாய்க்குள் வருவது பத்து லட்சம் கோடிச் சிதைவில் இரண்டே இரண்டு. நொடிக்கு 10,000 கோடிச் சிதைவு நடந்தாலும் நிமிடத்துக்கு ஒன்றிரண்டுக்கு மேல் தேறாது. அதிலும் பாதி எதிர்ப்பக்கமாகப் போய்விடும். அதனால் கடைசி 40 ரூபாய்ப் பகுதி முழுவதையும் அளந்து, அந்த வளைவின் வடிவத்திலிருந்து நிறையைக் கணிக்கிறார்கள்.

தொட்டியின் வேலை வாசல்காப்பது. எலக்ட்ரான்கள் சுருள்சுருளாகச் சுற்றிக்கொண்டு வரும். தொட்டியின் நடுவில் காந்தப்புலம் ஆயிரக்கணக்கான மடங்கு குறைவதால் அந்தச் சுழற்சி மெல்ல மெல்ல நேராகி முன்னோக்கிய ஓட்டமாகிவிடும். அங்கே மைனஸ் 18.6 கிலோவோல்ட் அளவில் ஒரு மின்சாரச் சுவர். அதைத் தாண்டும் தெம்புள்ளவை மறுபக்கம் இருக்கும் உணர்கருவியில் விழும், மற்றவை திரும்பி ஓடும். சுவரின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி எண்ணவேண்டும். அந்த வோல்ட்டேஜ் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட ஆடக்கூடாது. அதைக் கண்காணிப்பது எது தெரியுமா? முந்தைய தலைமுறைச் சோதனைக்காக மைன்ஸ் நகரில் இருந்த பழைய நிறமாலைமானி (எலக்ட்ரான்களின் ஆற்றலைப் பிரித்தளக்கும் கருவி). 2 எலக்ட்ரான் வோல்ட் என்ற வரம்புவரை அளந்து ஓய்ந்த கருவியைக் கொண்டுவந்து காவலுக்கு வைத்துவிட்டார்கள். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும்.

இப்போது மைனஸ் விவகாரம். காய்கறிக் கடையில் டிஜிட்டல் தராசு பார்த்திருப்பீர்கள். தட்டு காலியாக இருக்கும்போது மேலே மின்விசிறி ஓடினால் 0, 2, -1, 3, -2 என்று ஆடும். மைனஸ் காட்டுவதால் தட்டில் மைனஸ் எடையுள்ள பொருள் இருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டோம். சோதனையில் நேரடியாகக் கிடைப்பது நிறை அல்ல, நிறையின் வர்க்கம். அது உண்மையில் சுழியத்துக்கு மிக அருகில் இருந்தால், எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கத்தால் ஏறக்குறைய பாதித் தடவை மைனஸ் பக்கம்தான் விழும். 2025இல் மைனஸ் 0.14, பிழை வரம்பும் கிட்டத்தட்ட அதே அளவு. அதாவது தராசு சும்மா ஆடுகிறது. மைனஸ் வந்தால் அழித்துச் சுழியம் என்று எழுதுவோம் என்று கடைக்காரர் முடிவு செய்தால்தான் தப்பு. அப்படிச் செய்தால் சராசரி எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

ஆனால் மைனஸ் பெரிதாக வந்தால் பயப்படவேண்டும். 1990களில் பல சோதனைகளுக்கு அப்படித்தான் வந்தது. மைன்ஸ்காரர்களிடம் டிரிட்டியம் உறைந்த மெல்லிய படலமாக இருந்தது. அது தட்டையாக இல்லாமல் திட்டுத்திட்டாகக் குவிந்துகொண்டிருந்ததை வெகுநாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். எலக்ட்ரான்கள் வெளியே வருவதற்குள் எதிர்பார்த்ததைவிட அதிக ஆற்றலை இழந்தன, கணக்கு கோணலானது. 2 கெல்வினுக்கும் கீழே குளிரவைத்த பிறகு சரியானது. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1980இல் மாஸ்கோவில் ஒரு குழு 30 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு நிறை இருக்கிறது என்றே அறிவித்தது. அடுத்து வந்த சோதனைகள் அதை ஏற்கவில்லை. அதனால்தான் கேட்ரினில் விடையைத் தங்களுக்கே தெரியாதபடி மூடிவைத்துக்கொண்டு கணக்கு போடுகிறார்கள். தனித்தனிக் குழுக்கள் தனித்தனியாகப் போட்டு, எல்லாம் ஒத்துப்போன பிறகே திறக்கிறார்கள்.

சாப்பிடப் போகிறேன். மீதி இரவில்.

வானம்பாடி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வானியல்காரர்கள் இதை எப்போதோ தாண்டிவிட்டார்களே? பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோள் தரவோடு விண்மீன் மண்டலங்களின் பரவலையும் சேர்த்து, மூன்று வகை நியூட்ரினோக்களின் நிறை மொத்தமே 0.12க்குக் குறைவு என்றார்கள். டெஸி என்ற விண்மீன் மண்டலக் கணக்கெடுப்பு 2024இல் அதை 0.072 ஆக்கியது. 2025இல் 0.064. இதற்கு அப்புறமும் 0.45 என்று ஒரு தொட்டி சொல்வதைச் சார்ட்டில் எழுத வேண்டுமா?

ரைன்கரை எழுதியது:

வானம்பாடி, நல்ல இடத்தில் கிள்ளினீர்கள். ஆனால் அந்த 0.064ஐப் பக்கத்தில் ஓர் எண் வைத்துப் பாருங்கள். நியூட்ரினோக்கள் ஒன்று இன்னொன்றாக மாறும் அலைவிலிருந்து, மூன்றின் மொத்தம் 0.06க்குக் குறைய வழியே இல்லை என்று தெரியும். மேல் வரம்பு வந்து தரையில் இடிக்கிறது. இன்னும் கொஞ்சம் இறங்கினால், ஒன்று நியூட்ரினோ பற்றி நமக்குத் தெரிந்தது தப்பு, இல்லை பிரபஞ்சம் விரிவதைப் பற்றி எழுதிவைத்த மாதிரி தப்பு. வானியல் வரம்பு அந்த மாதிரியின் தோளில் ஏறி நின்று சொல்வது. பிரபஞ்ச விரிவை வேகப்படுத்தும் கரும் ஆற்றல் காலப்போக்கில் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால் அதே தரவு இளகிக்கொடுக்கிறது. கேட்ரினுக்குத் தேவை ஆற்றல் அழியாது என்ற ஒன்றுதான். இரண்டையும் எழுதலாம், வேறு வேறு நிறத்தில்.

டீச்சர், ஏன் இவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று சொல்லவேண்டும், பையன் கேட்டதன் சாரமே அதுதான். அளப்பது வர்க்கம் என்றேன் அல்லவா? நிறையின் வரம்பை இரண்டு மடங்கு குறைக்க வர்க்கத்தின் பிழையை நான்கு மடங்கு குறைக்க வேண்டும். பிழை நான்கு மடங்கு குறைய எண்ணிக்கை பதினாறு மடங்கு கூட வேண்டும். 2019 முடிவு நான்கு வாரத்தில் எண்ணிய 20 லட்சம் எலக்ட்ரான்களிலிருந்து வந்தது. 2025 முடிவு 259 நாளில் எண்ணிய 3 கோடியே 60 லட்சத்திலிருந்து. பதினெட்டு மடங்கு. 1.1ஐ 0.45ஆல் வகுத்தால் இரண்டரை மடங்குகூட இல்லை. கணக்கைவிடக் கொஞ்சம் நன்றாகவே வந்திருக்கிறது, ஏனென்றால் இடையில் பின்னணி இரைச்சலையும் குறைத்தார்கள்.

அந்த இரைச்சல்தான் இந்தக் கதையில் எனக்கு வலிக்கிற இடம். வேண்டாத எலக்ட்ரான் நொடிக்கு 0.01 வரும் என்று திட்டமிட்டார்கள். முதல் ஓட்டத்தில் வந்தது 0.29. வேண்டியது நிமிடத்துக்கு ஒன்றிரண்டு, வேண்டாதது நிமிடத்துக்குப் பதினேழு! காரணம் ரேடான். சாதாரணக் காற்றில் இருப்பதுதான். தொட்டிக்குள் பல்லாயிரம் கம்பிகளை வரிசையாகப் பொருத்திய காலத்தில் காற்று உள்ளே இருந்தது. ரேடான் சிதைந்து காரீயம்-210 ஆகிச் சுவரில் ஒட்டிக்கொண்டது. அதன் அரை ஆயுள் 22 ஆண்டு. வெற்றிடப் பம்பு எவ்வளவு இழுத்தாலும் அது போகாது. அந்தக் காரீயத்தின் வழித்தோன்றல் சிதையும்போது சுவரிலிருந்து தளர்வான அணுக்கள் தெறிக்கின்றன. அறையின் சாதாரண வெப்பமே அவற்றிலிருந்து எலக்ட்ரானைக் கழற்றிவிடுகிறது. அன்று தெருவில் அவ்வளவு பளபளப்பாகப் போன தொட்டியின் உள்சுவரில் இப்படியொன்று ஒட்டிக்கொள்ளும் என்று யார் நினைத்தார்கள்? பிறகு மின்புலத்தை மாற்றி, அளவிடும் தளத்தை உணர்கருவிப் பக்கமாக நகர்த்தி, இரைச்சலைப் பாதியாக்கினார்கள். ஆனாலும் தொடக்கத்தில் கனவு கண்ட 0.2 கைநழுவிப் போனது. இப்போது இலக்கு 0.3க்குக் கீழே.

மொத்தம் 1,000 நாள் அளந்து 2025 இறுதியோடு முடிப்பது என்பதே திட்டம். 259 நாளுக்கு அது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. நான்கின் நான்காம் மூலம் 1.4. 0.45ஐ 1.4ஆல் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 0.32 வரும். இரைச்சலைக் குறைத்த பலனும் சேர்ந்தால் 0.3க்குக் கீழே ஏன் சொல்கிறார்கள் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். முழுத் தரவையும் அலசி முடிவு வர நாளாகும். ஆகவே கழற்றாதீர்கள், இன்னொரு வரி பாக்கி இருக்கிறது. தொட்டிக்கும் ஓய்வில்லை. ட்ரிஸ்டன் என்ற புது உணர்கருவியைப் பொருத்தி, கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் வேறுவகைக் கனமான நியூட்ரினோ இருக்கிறதா என்று தேடப்போகிறார்கள்.

தேனிக்காரன் எழுதியது:

எங்கள் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் மலையில் வருவதாக இருந்த நியூட்ரினோ ஆய்வகமும் இதே வேலைக்குத்தானா அண்ணா? அங்கே மலைக்குள் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பாறைக்கு அடியில் வைக்கவேண்டும் என்றார்கள். ஜெர்மனியில் ஊருக்குப் பக்கத்தில் தரைமேல் வைத்திருக்கிறார்களே?

இன்னொன்று. சார்ட்டில் மேல் வரம்பு மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. கீழே ஒரு தரை இருக்கும் அல்லவா? அலைவிலிருந்து 0.05 என்று படித்த ஞாபகம். அதை ஒரு கோடாகப் போட்டுவிட்டால் பையன்களுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று தெரியுமே.

ரைன்கரை எழுதியது:

தம்பி, உன் இரண்டு கேள்வியும் ஒன்றுதான், உனக்கே தெரியாமல் கேட்டுவிட்டாய்.

நியூட்ரினோவைப் பிடிக்கிறவர்களுக்குத்தான் மலை வேண்டும், மேலிருந்து கொட்டும் காஸ்மிக் கதிர்களை வடிகட்ட. கேட்ரின் எலக்ட்ரானை எண்ணுகிறது, அதனால் தரையே போதும். பொட்டிப்புரத்தில் 50,000 டன் காந்த இரும்பை வைத்து அளக்க நினைத்தது நிறையை அல்ல, மூன்று நியூட்ரினோக்களின் வரிசையை. எது கனம், எது லேசு என்று. அந்த வேலை தொடங்கவே இல்லை. சீனாவில் ஜூனோ என்ற நியூட்ரினோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் அளக்கத் தொடங்கிவிட்டது, அதன் நோக்கமும் இந்த வரிசைதான்.

இப்போது உன் தரை. 0.05 என்பது மூன்றில் மிகக் கனமானதற்கு உரிய குறைந்தபட்சம். கேட்ரின் பார்ப்பது மூன்றும் எலக்ட்ரானோடு எவ்வளவு கலந்திருக்கிறதோ அந்த அளவில் எடுத்த சராசரி. வரிசை நேராக (இரண்டு லேசு, ஒன்று கனம்) இருந்தால் கனமானதன் பங்கு அதில் சொற்பம், தரை 0.01 பக்கம் இறங்கிவிடும். தலைகீழாக (இரண்டு கனம், ஒன்று லேசு) இருந்தால் தரை 0.05. ஆகவே டீச்சர், இரண்டு கோடும் பென்சிலில் போடுங்கள். ஜூனோ சொன்ன பிறகு ஒன்றை அழிக்கலாம்.

கரும்பலகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரண்டு பீரியட் இதற்கே போனது. பங்குப் பிரிப்பு நன்றாக எடுபட்டது. சின்னவனுக்கு வகுப்பில் ஒரு பையன் பெயரையே வைத்துவிட்டார்கள். கரையான் தின்ற மூலையை வெட்டிவிட்டு, கீழே புதுப் பேப்பர் ஒட்டிப் பென்சிலில் இரண்டு கோடும் போட்டாயிற்று.

மளிகைக்கடை கேள்வி கேட்டவன் சும்மா இருக்கவில்லை. அந்தப் பதினாறு மடங்கு கணக்கைப் பிடித்துக்கொண்டான். 0.45லிருந்து 0.01க்கு வர 45 மடங்கு. நான்காம் அடுக்கு என்றால் 41 லட்சம் மடங்கு. 259 நாளை அதால் பெருக்கி வருஷமாக்கி, 29 லட்சம் ஆண்டு என்று போர்டில் எழுதிவிட்டு, "தொட்டி அதுவரைக்கும் துருப்பிடிக்காம இருக்குமா மிஸ்?" என்றான். இதற்கு என்ன சொல்ல?

ரைன்கரை எழுதியது:

அவன் போட்ட கணக்கைத்தான் அவர்களும் போட்டுப் பார்த்தார்கள். இதைவிடப் பெரிய தொட்டி கட்டுவது நடக்காது, அதனால் வழியை மாற்றுகிறார்கள். பிராஜெக்ட் 8 என்று அமெரிக்காவில் தொடங்கிய ஒரு முயற்சி. அதில் எலக்ட்ரானை எங்கும் ஓடவிடுவதில்லை. காந்தப்புலத்தில் சுற்றவிட்டு, சுற்றும்போது அது வெளிவிடும் நுண்ணலையின் அதிர்வெண்ணைக் கேட்கிறார்கள். 26 கிகாஹெர்ட்ஸ் பக்கம். அதிர்வெண்ணிலிருந்து ஆற்றல் தெரிந்துவிடும். சுவர் உயரத்தை மாற்றி மாற்றி எண்ணவேண்டாம், எல்லா ஆற்றலும் ஒரே நேரத்தில் பதிவாகும். மூலக்கூறு டிரிட்டியத்துக்குப் பதில் தனி அணுவைப் பயன்படுத்தி 0.04வரை போவது அவர்கள் இலக்கு. 2023இல் முதல் முடிவு வந்தது, பட்டாணி அளவு கலத்தை வைத்துக்கொண்டு: 155 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் குறைவு.

கரும்பலகை எழுதியது:

155ஆ! சார்ட்டில் அதை 1.1க்கு மேலே போடவேண்டும் என்றால் இதே அளவுகோலில் கூரையைத் துளைத்துக்கொண்டு போகவேண்டும். கேட்டவனையே மொட்டைமாடிக்கு அனுப்பி எழுதச் சொல்கிறேன்.